வடவம் போன வழி

ஆபீஸ் வேலையாகப் பாரீஸ் போய்வந்த தோழி, 2025 ஜனவரியில் எனக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கொண்டுவந்து கொடுத்தாள். 40 கிராம் மசாலா. லேபிளில் பெரிய எழுத்தில் 'வதூவான்'. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த பிரெஞ்சு வரியை போன் கேமராவில் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பாண்டிச்சேரியில் பிறந்த 'பிரெஞ்சு கறி மசாலா' என்கிற மாதிரி வந்தது. "உங்க ஊர்ப் பேர் போட்டிருந்துச்சு, அதான் வாங்குனேன்" என்றாள்.

மூடியைத் திறந்தேன். வடவம். உதிர்த்து, உலர்த்தி, குப்பியில் அடைத்திருந்தாலும் அது வடவம்தான். ஆனால் பாதி வாசனைதான் வந்தது. மீதிப் பாதி எது என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டு அலமாரியில் வைத்திருப்பேன். ஒரு மாதத்துக்கு முன்புதான் எங்கள் வீட்டு வடவச் சட்டி வெள்ளத்தில் போயிருந்தது.

எங்கள் ஊர் செலியமேடு. புதுச்சேரி என்றதும் உங்களுக்கு ஞாபகம் வரும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் கடற்கரைச் சாலையும் அங்கே கிடையாது. பாகூர் கொம்யூனில், நெல்லும் கரும்புமாக இருக்கும் ஊர். எல்லை எங்கள் பக்கம் வரப்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். கடலூருக்குப் போகிற வழியில் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று பெட்ரோல் பங்க் விலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு விட்டிருந்தால் சமாளித்திருப்போம். அடுத்த இரவு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை கரை மீறி பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. எங்கள் வீட்டின் பின்கட்டு தாழ்வு. முழங்கால் அளவு தண்ணீர். அம்மா பத்திரம், ரேஷன் கார்டு, மிக்ஸி என்று ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினார். சமையலறை மூலையில் மணல் குவித்து அதன்மேல் வைத்திருந்த மண்சட்டியை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்தபிறகு பார்த்தால் சட்டி சாய்ந்து கிடந்தது, உள்ளே சேறு.

அது ஆயா கடைசியாகப் பிடித்த வடவம். 2023 சித்திரையில் பிடித்தது. அந்த ஐப்பசியில் ஆயா போய்விட்டார், எண்பத்தைந்து வயது. ஒன்றரை வருடமாக அம்மா அதைக் கிள்ளிக் கிள்ளித்தான் தாளித்துக்கொண்டிருந்தார். எனக்கு வீடு நனைந்ததை அம்மா போனில் அரைமணி நேரம் சொன்னார். வடவத்தைப் பற்றி ஒரே வரி: "அதுவும் போயிடிச்சி."

வடகம் என்று எழுதினால்தான் பல பேருக்குப் புரியும். எண்ணெயில் பொரித்துச் சாப்பிடுகிற வற்றல் வடகம் இல்லை, தாளிப்பு வடகம். எங்கள் பக்கம் வாயில் வருவது வடவம்தான். எலுமிச்சை அளவு கறுத்த உருண்டை. அதிலிருந்து கோலிக்குண்டு அளவு கிள்ளி, காய்ந்த நல்லெண்ணெயில் போட்டால் உதிர்ந்து பொரியும். அது போதும். மீன் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, கீரை மசியல், காரக்குழம்பு எல்லாம் அதிலேயே நின்றுவிடும். வெங்காயம் நறுக்க வேண்டாம், பூண்டு உரிக்க வேண்டாம், அஞ்சறைப்பெட்டியைத் திறக்கவே வேண்டாம். நாற்று நட்டுவிட்டு இருட்டியபிறகு வந்து உலை வைக்கிற பெண்களுக்கு, மே மாதத்திலேயே முக்கால்வாசி செய்து வைத்துவிட்ட சமையல் அது.

அளவு என்று கேட்டால் ஆயா "ஒரு மொறம் வெங்காயம்" என்று தொடங்குவார். அம்மாவின் கணக்கு இது: சின்ன வெங்காயம் 5 கிலோ, பூண்டு முக்கால் கிலோ, உளுத்தம்பருப்பு அரைக் கிலோ, கடுகு கால் கிலோ, சீரகமும் வெந்தயமும் நூறு நூறு கிராம், மஞ்சள்தூள், இரண்டு கை கறிவேப்பிலை, கல்லுப்பு, கடைசியில் விளக்கெண்ணெய். வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். அரைத்தால் கெட்டது. மற்றதெல்லாம் கலந்து ஒரு ராத்திரி சட்டியில் மூடி வைத்துவிட்டு, காலையில் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் வைப்பார்கள். சாயங்காலம் அந்த உருண்டைகளை உடைத்து, பிழிந்த சாற்றிலேயே திரும்பப் போட்டுப் பிசைவார்கள். மறுநாள் மறுபடி உருண்டை, மறுபடி வெயில். சாறு முழுக்க வற்றுகிறவரை இப்படி ஆறேழு நாள். கடைசி நாள் விளக்கெண்ணெயைக் கையில் தடவி அழுத்திப் பிடித்தால் அதுதான் நிற்கிற உருண்டை. பிறகும் நாலைந்து வெயில் காட்ட வேண்டும்.

எஞ்சினியரிங் படித்த கையோடு ஒரு லீவில் இதையெல்லாம் விளக்கப் பார்த்திருக்கிறேன். வெங்காயத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். அதை வெளியே விடாமல் பருப்பும் வெந்தயமும் உறிஞ்சுகின்றன. உப்பு கெடாமல் காக்கிறது, ராத்திரி மூடி வைப்பதில் லேசாகப் புளிக்கிறது, வெயில் அந்தப் புளிப்பை மேலே போகாமல் நிறுத்துகிறது. விளக்கெண்ணெய் மேலே ஒரு கோட்டிங், பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. ஆயா முழுக்கக் கேட்டுவிட்டு, "இத்தினி தெரிஞ்சவ ஒரு நாளாவது வந்து இடிச்சியா?" என்றார்.

இடிக்கவில்லை. அதற்கு நான் மட்டும் காரணம் இல்லை. வடவம் பிடிக்கிற வீட்டில் தூரமான பெண் அந்தப் பக்கமே வரக்கூடாது. நிழல் பட்டாலே புழு வைத்துவிடும் என்பார்கள். பத்து நாள் வேலையில் எனக்கு எப்படியும் நாலைந்து நாள் இடிக்கும். நான் பெரியவளான வருடம் முதல் ஆயா பேசாமல் என்னை முழுதாகவே ஒதுக்கி வைத்துவிட்டார். மாடிப்படியில் பாதிவரைதான் அனுமதி. அங்கிருந்து பார்த்தால் பாய்மேல் உருண்டைகள் வரிசையாகத் தெரியும், ஆயாவின் முதுகு தெரியும். அப்புறம் பப்ளிக் பரீட்சை, ஹாஸ்டல், சென்னையில் வேலை. தமிழ் வீடுகளில் எத்தனையோ பக்குவங்கள் கைமாறாமல் போனதற்கு மிக்ஸியையும் ஸ்விக்கியையும் குற்றம் சொல்வார்கள். வீட்டுப் பெண்ணையே மாசத்தில் சில நாள் வெளியே நிறுத்தின கணக்கை யாரும் சேர்ப்பதில்லை.

சரி, குப்பிக்கு வருகிறேன். 2000-களில் 'வதூவான்' பிரான்சிலும் அமெரிக்காவிலும் பெரிய சமையல்காரர்கள் கையில் பிரபலமானது. இணையத்தில் தேடினால் நூறு பக்குவம் கிடைக்கும். வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, தட்டில் பரப்பி, அவனில் மெதுவாக உலர்த்துகிறார்கள். சிலர் ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய் போடுகிறார்கள். எனக்கு இதில் கோபமில்லை. அவர்கள் ஊரில் கத்திரி வெயில் கிடையாது, என்ன செய்வார்கள். நத்தையிலும் ஆட்டுக்கறியிலும் தூவிச் சாப்பிட்டால் அது அவர்கள் சாப்பாடு. எனக்கு உறுத்தியது அந்த ஒரு வரிதான். பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கியது என்றால், பாகூர் கொம்யூனில் பிரெஞ்சுக்காரர் வீட்டு வாசலைக்கூட மிதிக்காத ஆயா அதை எங்கே கற்றுக்கொண்டார்?

உடனே 'இது ஈராயிரம் வருடப் பழமை' என்று கிளம்பவும் எனக்கு விருப்பமில்லை. ஒரு ஆசை வந்தது, ஒப்புக்கொள்கிறேன். வடவத்தில் மிளகாய் கிடையாது. மிளகாய் போர்த்துகீசியரோடு பதினாறாம் நூற்றாண்டில்தான் இங்கே வந்தது. அப்படியானால் வடவம் அதற்கும் முந்தையது என்று சொல்லலாமா? கூடாது. மிளகாயைத் தனியாகக் காயவைக்கிற வழக்கம் இருக்கும்போது வடவத்தில் அது எதற்கு? இல்லாததை வைத்து வயது சொல்ல முடியாது. எழுத்துச் சான்று என்று போனாலும் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் பொறித்த பாகூர்ச் செப்பேடுகள் இருக்கின்றன. பாகூரில் இருந்த ஒரு கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த கதையைச் சொல்பவை. ஒன்பதாம் நூற்றாண்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காலேஜ் இருந்தது என்பது பெருமைதான். அங்கே படித்தவர்களுக்கு யார் என்ன தாளித்தார்கள் என்று செப்பேடு சொல்லவில்லை.

ஆனால் அந்தச் செப்பேட்டில் ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதில் ஊரின் பெயர் வாகூர். இன்று பாகூர். பிரெஞ்சுக்காரர்கள் எழுதியது 'பாஹூர்', நாம் பேசும்போது நடுவில் வருகிற அந்த 'ஹ'வோடு. அவர்கள் தமிழைப் படித்து எழுதவில்லை, காதால் கேட்டு எழுதினார்கள். பழைய பிரெஞ்சு வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நெட்டப்பாக்கம் 'நெத்தபாகோம்', அரியாங்குப்பம் 'அரியான்கூபோம்', உழவர்கரை 'உல்கரே'. 'குப்பம்' என்று எழுதுகிற நாம் பேச்சில் கடைசி 'ம்'-ஐ உதடு மூடிச் சொல்வதில்லை. 'குப்போ' என்று மூக்கில் விட்டுவிடுகிறோம். மரம், பணம், குப்பம் எல்லாம் அப்படித்தான். பிரெஞ்சிலும் அதே மாதிரி மூக்கால் முடிகிற ஒலிகள் உண்டு. நம் எழுத்தில் ஏறாத அந்த ஒலி அவர்கள் எழுத்தில் சுலபமாக ஏறிவிட்டது.

இப்போது 'வதூவான்' என்பதைப் பிரெஞ்சுக்காரர் போலச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்' நாக்கில் படாது, மூக்கில் போகும். வடகம் என்ற எழுத்துச் சொல்லிலிருந்து இது வந்திருக்க முடியாது. அங்கே 'க' இருக்கிறது, பிரெஞ்சில் 'க'வுக்கு எந்தத் தட்டுப்பாடும் இல்லை. வடவம், அதையும் வேகமாக 'வடுவ' என்று மூக்கில் முடித்துச் சொன்னால்தான் நடுவில் அந்த 'ஊ' வருகிறது, கடைசியில் அந்த மூக்கொலி வருகிறது. அதாவது இந்தச் சொல்லை யாரும் புத்தகத்தைப் பார்த்து எடுக்கவில்லை. அடுப்படியில் நின்ற ஒருத்தி, அநேகமாக மீன் குழம்பைத் தாளித்துக்கொண்டே, "இது இன்னா?" என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்க்காமல் சொன்ன பதில் அது. அவள் பேர் லேபிளில் இல்லை. அவள் உச்சரிப்பு இருக்கிறது. கோடிங்கில் யாரோ எழுதிய ஃபங்ஷனை நம் பேரில் ஏற்றினாலும் அவர் வைத்த விசித்திரமான வேரியபிள் பெயர் உள்ளே அப்படியே கிடந்து காட்டிக்கொடுக்கும். அது மாதிரி.

அந்தச் சொல் எப்படிக் கடல் தாண்டியது என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு கதை உண்டு. ஆயாவின் பெரியப்பா 'சைகோன்காரர்'. பிரெஞ்சு இந்தோசீனாவில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் போலீஸ், காவல், சுங்கம், வரி வசூல், குமாஸ்தா என்று நிறைய வேலைகளில் இருந்தார்கள். 1881-இல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. தன் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக்கொடுக்கலாம், ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். அப்படி எழுதிக்கொடுத்தவர்கள் 'ரெனோன்சான்'. சைகோனில் போய் ஐரோப்பியருக்குச் சமமாகச் சம்பளமும் உரிமையும் கேட்டவர்கள் அவர்கள். ஆயாவின் பெரியப்பா அங்கே ஏதோ கிடங்கில் காவல். லீவு முடிந்து கப்பல் ஏறும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் டின் நிறைய வடவம் கட்டிக்கொடுப்பார்களாம். கெடாது, இடம் அடைக்காது, அங்கே மீன் மலிவு. 'துணி அனுப்ப வேண்டாம், டின் தீர்ந்துவிட்டது' என்று அவர் கடிதம் எழுதியதை ஆயா அறுபது வருடம் கழித்தும் சொல்லிச் சிரிப்பார்.

1954-இல் இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. அதே வருடம் இங்கேயும். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு வந்து, "அன்னிக்கு நீ இன்னா பண்ண?" என்று ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். ஆயாவுக்கு ஓட்டெடுப்பு எல்லாம் நினைவில்லை. சாவடி போனதுதான் நினைவு.

அது இப்படி. 1947-க்குப் பிறகும் நாங்கள் பிரெஞ்சு இந்தியாவாகவே இருந்தோம். 1949-இல் இரண்டு அரசுக்கும் இடையே இருந்த சுங்க உடன்பாடு முடிந்ததும், இந்தியா எல்லை முழுக்கச் சுங்கக் காவல் போட்டது. வரப்பு மாதிரி வளைகிற எல்லை என்று சொன்னேன் இல்லையா, அதில் காவல் போட்டால் எப்படி இருக்கும்? மாடு மேய்க்கப் போனவன் வெளிநாடு போய்வந்தவன் ஆனான். வெங்காயமும் பூண்டும் கடலூர்ச் சந்தையிலிருந்துதான் வர வேண்டும். ஆயாவுக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது. புல்லுக்கட்டுக்குள் பூண்டை வைத்துக் கட்டி, தலையில் ஏற்றி, கூட வந்த அம்மாவுக்கு முன்னால் நடக்கவிடுவார்களாம். சின்னப் பெண்ணை யாரும் நிறுத்தமாட்டார்கள். "வெங்காயத்த உட்ருவான். பூண்டுன்னா மோப்பம் புடிப்பான்" என்பார். ஒருமுறை மாட்டிக்கொண்டபோது முழுக்கட்டையும் பிரித்துப் போட்டுவிட்டுப் புல்லை மட்டும் திருப்பிக் கொடுத்தார்களாம். 1955 சித்திரையில் பிடித்த வடவத்தில்தான் பூண்டு மனம்போலப் போட்டோம் என்பது ஆயாவின் விடுதலை வரலாறு. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் எனக்கு 170-ஐயும் 8-ஐயும்விட இந்தப் பூண்டுதான் நன்றாகப் புரிகிறது.

சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சு குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக்கொடுக்கலாம் என்று அவகாசம் தந்தார்கள். டவுனில் இருந்த சைகோன்காரரின் பிள்ளைகள் எழுதிக்கொடுத்தார்கள், பிறகு பிரான்ஸ் போனார்கள். எண்பதுகள் வரை, ஊருக்கு வந்துபோகிற யார் கையிலாவது ஆயா ஒரு பொட்டலம் வடவம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டைப் போல எத்தனை வீட்டு டின்கள், எத்தனை பொட்டலங்கள். பாரீஸ் கடையில் குப்பி ஏறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வடவம் பாரீஸ் போய்விட்டது.

2025 மே மாதம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். குப்பியையும் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆயா இருந்தவரை அம்மா வேலைக்காரி மாதிரிதான், உப்பும் எண்ணெயும் ஆயா கைதான் போடும். அத்தை போனில் சோம்பு போடச் சொன்னார். அம்மா "அவங்க வூட்டு வடவத்துல போட்டுக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார். வெங்காயத்துக்குத் தோலை எவ்வளவு எடுப்பது என்பதிலேயே எங்களுக்குள் தகராறு. முழுக்க உரிக்கக் கூடாது, மேல் சருகு போனால் போதும் என்றார் அம்மா. உரல் புழக்கடையில் கவிழ்ந்து கிடந்ததைத் திருப்பிக் கழுவினோம். மிக்ஸியில் பல்ஸ் மோடில் போட்டால் ஒன்றிரண்டாக வரும் என்று நான் சொன்னேன். ஒரு தடவை போட்டோம். கூழாகிவிட்டது. அந்த ஒரு கிலோவைத் தொக்கு பண்ணிவிட்டோம், அது நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் எனக்குத் தூரமானது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பழக்கம், வாயில் வந்துவிட்டது. அம்மா கையில் ஒரு உருண்டையோடு கொஞ்ச நேரம் நின்றார். மாடிப்படியின் பாதியில் நான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டியில் இன்னும் முக்கால்வாசி உருட்ட வேண்டியிருந்தது.

"ஆயா இருந்தா ஒத்துக்காது" என்றார் அம்மா. பிறகு, "ஆயா இல்ல. நான் ஒருத்தியா எப்ப உருட்டி முடிக்கறது, மேல வா" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அதைப் பற்றி நாங்கள் அதற்கப்புறம் பேசவில்லை. முதல் முறை பிடித்தவை எல்லாம் கோணல். அம்மா நான் பிடித்ததையெல்லாம் எடுத்துத் திரும்ப அழுத்தினார். நாலாம் நாள் சாயங்காலம் திடீரென்று தூறல். பாயோடு சுருட்டிக்கொண்டு ஓடிவந்ததில் பாதி உதிர்ந்து, மறுபடி பிசைந்தோம். காக்கா மூன்றைத் தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் விளக்கெண்ணெய் தடவிப் பிடித்து முடித்தபோது 58 உருண்டை. நாலைந்து வெயில் காட்டிச் சட்டியில் எடுத்துவைத்தோம். இந்த முறை சட்டி பரண்மேல். இதை எழுதும்வரை புழு வைக்கவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தான் குப்பி ஞாபகம் வந்தது. கதையெல்லாம் சொல்லி, லேபிளைப் படித்துக்காட்டி, அம்மா கையில் கொடுத்தேன். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். திரும்ப முகர்ந்தார்.

"நல்லாதான் இருக்கு," என்றார். "வௌக்கெண்ண போடல. சீக்கிரம் தீத்துடச் சொல்லு, பூச்சி வுழும்."